டீச்சரைக் கேளுங்கள்: ‘ஃபோர்மர்’ தெரிந்த உங்களுக்கு

கேள்வி: டீச்சர், எனக்கு 29 வயது. கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் கியூசி பிரிவில் இருக்கிறேன். லைன் லீடர் வேலைக்கு ஆங்கிலத்தில் இண்டர்வியூ வைப்பார்கள். அதற்காக அகராதியில் ‘ஏ’ எழுத்திலிருந்து தினமும் 20 சொல் மனப்பாடம் செய்கிறேன். மூன்று மாதமாகிறது. பேச வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை. வயதாகிவிட்டதா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வயதை விடுங்கள், தங்கச்சி. அகராதி வரிசைதான் உங்களைப் படுத்துகிறது. ‘அடாப்ட்’, ‘அடொப்ட்’ இரண்டும் அதில் கிட்டக் கிட்ட நிற்கும். ஒன்று பழகிக்கொள்வது, இன்னொன்று தத்தெடுப்பது. ஒரே ராத்திரியில் இரண்டையும் படித்தால் காலையில் எது எதுவென்று குழம்பத்தான் செய்யும். என் வகுப்பில் 31 வருடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் வேலை செய்யும் இடத்திலிருந்து தொடங்குங்கள். கையுறை வார்க்கும் பீங்கான் கையை என்னவென்று சொல்கிறீர்கள்? ‘ஃபோர்மர்’. அதே சொல்லுக்கு ‘முன்னாள்’ என்றும் பொருள் உண்டு. முன்னாள் அமைச்சர் ‘ஃபோர்மர் மினிஸ்டர்’. ஓட்டை விழுந்த கையுறை ‘ரிஜெக்ட்’. அங்கே அழுத்தம் முதல் அசையில். அதை வேண்டாமென்று ஒதுக்கும்போதும் ‘ரிஜெக்ட்’தான், ஆனால் அழுத்தம் பின்னால் போகும். இந்த இரண்டு சொல்லையும் தினம் நூறு தடவை காதில் கேட்கிறீர்கள். பாதி வேலை முடிந்தது.

எங்கள் அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் தோட்டத்து ‘பெரட்டு’ என்ற சொல் ‘பரேட்’ என்பதிலிருந்து வந்தது, ‘டிரசர்’ என்பவர் காயத்துக்குக் கட்டுப் போடுகிறவர் என்று நான் சொன்ன அன்று, “அப்போ எனக்கும் இங்கிலீசு தெரியும்” என்று லயத்து வாசலில் நின்று சொன்னார். அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. கடைக்கடன் எழுதும் 555 புத்தகத்தில் ஒன்றை எனக்கு வாங்கிக் கொடுத்தார். என் முதல் சொற்புத்தகம் அதுதான்.

நீங்களும் ஒரு 555 வாங்குங்கள், சட்டைப் பைக்குள் அடங்கும். ஒரு நாளைக்கு நாலு சொல் போதும். ஆனால் சொல்லைத் தனியாக எழுதாதீர்கள், அது யாரோடு சேர்ந்து வருகிறதோ அதோடு எழுதுங்கள். கடையில் கடுப்பமாக வேண்டுமென்று ‘காவ்’ என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தத் தேநீர் ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராங்’. மழை ‘ஹெவி’. ‘ஸ்ட்ராங் ரெயின்’ என்றால் புரியும், ஆனால் ஒட்டாது. அப்புறம் உங்கள் வேலையை வைத்தே ஒரு வாக்கியம் எழுதி, அதைச் சத்தமாகச் சொல்லுங்கள். வாய்க்குப் பழகாத சொல் இண்டர்வியூ மேசையில் வராது.

மறதிக்கு ஒரு வழி இருக்கிறது. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து சோதித்து, 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். படித்தது முதலில் வேகமாக மறக்கும், பிறகு மெதுவாக. இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிற்கும். அதனால் இன்று எழுதியதை நாளை பாருங்கள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. பார்க்கும்போது பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு யோசியுங்கள்.

எவ்வளவு சொல் வேண்டும் என்று பயப்படாதீர்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953-இல், அடிக்கடி வரும் ஏறக்குறைய 2,000 சொற்களைப் பட்டியல் போட்டார். சாதாரண ஆங்கிலப் பக்கத்தில் ஐந்தில் நாலு பங்கு அவைதான்.

கேள்வி: மலாய் நன்றாகத் தெரிந்தால் ஆங்கிலச் சொல் சேர்க்க உதவுமா?
– வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: நிறைய உதவும். ‘இன்ஃப்லாசி’ ‘இன்ஃப்ளேஷன்’ ஆகும், ‘ஓப்பராசி’ ‘ஆப்பரேஷன்’ ஆகும். எல்லாம் அப்படி மாறாது; ‘டெமொக்ராசி’ ‘டெமாக்ரசி’தான். ஆனால் ‘பின்ஜாம்’ விஷயத்தில் கவனம் வேண்டும். மலாயில் இரவல் வாங்கினாலும் கொடுத்தாலும் அதே வேர்ச்சொல்தான். ஆங்கிலத்தில் வாங்குவது ‘பாரோ’, கொடுப்பது ‘லெண்ட்’. தமிழில் நாமும் இரண்டாகத்தானே சொல்கிறோம். பேனா கேட்கும்போது தமிழில் யோசித்துக்கொண்டு கேளுங்கள்.