தீ எரியும் இடத்தில் யார் சொல்லைக் கேட்பது?

சோழகக் காற்று வீசத் தொடங்கிவிட்டது. பற்றைகள் காய்ந்து கிடக்கின்றன. இந்தக் காலத்தில்தான் தீயைப் பற்றிக் கேட்பவர்கள் கூடுகிறார்கள். நான் இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு தீயணைப்புப் பிரிவில் 14 வருஷம் இருந்தவன். முதலில் குழாய் பிடித்தேன், பிறகு குழுத் தலைவராக நின்றேன். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றின: அங்கே யார் தலைவர்? அவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

மாங்குளத்தில் கடை வைத்திருப்பவர்: அண்ணை, பக்கத்துக் கடை எரிந்தபோது வாகனத்தில் வந்த பெரியவர் றோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். குழாயைத் தொடவே இல்லை. சனம் எல்லாம் ஏசியது. அவருக்குச் சம்பளம் எதற்கு?

பார்ப்பதற்குத்தான் சம்பளம். கோபிக்காதீர்கள். வந்தவுடன் அவர் கட்டடத்தைச் சுற்றி ஒருமுறை நடந்திருப்பார், கவனித்தீர்களா? முன்பக்கம் மட்டும் பார்த்தவனுக்குப் பின்பக்கத்து காஸ் சிலிண்டர் தெரியாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புகை எந்த நிறத்தில் எவ்வளவு வேகமாக வருகிறது, மின்கம்பி எங்கே தொங்குகிறது, உள்ளே ஆள் உண்டா, கூரை இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்... இதெல்லாம் ஒரு மூளைக்குள் ஓடவேண்டும். குழாய் பிடித்தவனுக்குத் தன் முன்னால் எரிகிற சுவர் மட்டும்தான் தெரியும்.

இதை நான் பட்டுத்தான் படித்தேன். தலைவரான புதிதில் ஒரு நெல் மில்லுக்குப் போனோம். ஆள் காணாது என்று நானே குழாயை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். வெளியே பார்க்க ஒருவரும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தீ பின்பக்கத்தால் போய் வைக்கோல் போரைப் பிடித்துவிட்டது. மில்லைக் காப்பாற்றினோம், வைக்கோல் முழுக்கப் போனது. அந்த மாட்டுக்காரரின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மல்லாவியில் இருந்து ஒரு மாணவன்: இரண்டு இடங்களில் இருந்து வாகனம் வந்தால் பெரிய பதவியில் இருப்பவர்தானே தலைவர்?

இல்லைத் தம்பி. முதலில் வந்து இறங்குகிற குழுவின் தலைவர்தான் பொறுப்பு. அதை அவர் வாயால் சொல்லவும் வேண்டும். வோக்கி-டோக்கியில் இப்படிப் போகும்: "ஒரு மாடிக் கடை, கூரை எரிகிறது, உள்ளே ஆள் இருக்கலாம், முன்வாசலால் போகிறோம், இன்னொரு தண்ணீர் பவுசர் தேவை, கட்டளை என்னிடம்." அந்தக் கடைசி இரண்டு சொல் முக்கியம். பெரியவர் பிறகு வந்தால் நேருக்கு நேர் நின்று கேட்பார்: என்ன எரிந்தது, யார் எங்கே நிற்கிறார்கள், என்ன குறைவு. கேட்டுவிட்டுப் பொறுப்பை எடுத்தால் அதையும் எல்லோருக்கும் அறிவிக்கவேண்டும். எடுக்காமல் சிறியவரிடமே விட்டுப் பக்கத்தில் நிற்கலாம், அதுவும் சரி. கூடாதது ஒன்றுதான்: ஒருவர் "உள்ளே போ" என்னும்போது மற்றவர் "வெளியே வா" என்பது.

இந்த முறைக்கு ஒரு கதை உண்டு. 1970இல் கலிபோர்னியாவில் அடுத்தடுத்துக் காட்டுத்தீ, 16 பேர் செத்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது ஆளும் வாகனமும் குறைந்ததை விட, ஒருவரோடு ஒருவர் பேச முடியாமல் போனதுதான் பெரிய பிழை என்று கண்டார்கள். ஒவ்வொரு படைக்கும் வேறு வேறு அலைவரிசை, ஒரே பொருளுக்கு வேறு வேறு பெயர். அதற்குப் பிறகுதான் இப்போது பல நாடுகளில் பின்பற்றும் கட்டளை முறையை உருவாக்கினார்கள்.

துணுக்காயில் இருந்து ஒரு இளைஞர் கழகத்துப் பொடியன்: எங்கள் ஊரில் தீ என்றால் நூறு பேர் ஓடி வருவினம். ஆனால் ஒன்றும் நடக்காது. கத்தல்தான் மிச்சம்.

நல்ல கேள்வி. 2016 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சந்தை எரிந்தபோது அங்கே தீயணைப்பு வாகனம் இருக்கவில்லை, வெளியூரில் இருந்து ஏ9 றோட்டால் வரவேண்டியிருந்தது. நம் பகுதியில் உள்ளூர்க் கிராமங்களுக்கு வாகனம் வந்து சேர எப்படியும் நேரம் எடுக்கும். அதுவரை தலைவர் உங்களில் ஒருவர்தான்.

ஒருவரால் நேரடியாக நடத்தக்கூடியது மூன்று முதல் ஏழு பேர், ஐந்து என்றால் வசதி. உலகம் முழுக்கத் தீயணைப்பில் வைத்திருக்கிற கணக்கு இது. ஆகவே நூறு பேரையும் பார்த்துக் கத்தாதே. நாலு பேரைப் பிடி. ஒருவருக்குத் தண்ணீர்: கிணறு, பம்ப், உழவு மெசின் பவுசர். ஒருவருக்கு ஆடுமாடு அவிழ்ப்பது. ஒருவர் ஒழுங்கையில் நிற்கிற மோட்டார் சைக்கிள்களை அகற்றி வாகனத்துக்கு வழி விடட்டும். மற்றவர் வீட்டு ஆக்களை எண்ணட்டும். ஆளுக்கு ஐந்து பேரைக் கொடு. மிஞ்சினவர்கள் தூரப் போகட்டும். "யாராவது தண்ணீர் கொண்டு வாங்கோ" என்றால் யாரும் வரமாட்டார்கள், பெயர் சொல்லிக் கூப்பிடு.

நெடுங்கேணியில் இருந்து ஒரு ஆசிரியை: உள்ளே போனவர்கள் எத்தனை பேர் என்று தலைவருக்கு எப்படித் தெரியும், ஐயா?

பிரிட்டனில் சுவாசக் கருவியோடு உள்ளே போகிறவர் தன் பெயரட்டையை வாசலில் கொடுத்துவிட்டுப் போவார். அதற்கென்று நிற்பவர் பலகையில் செருகி, போன நேரத்தையும் கருவியின் சிலிண்டரில் உள்ள காற்றின் அளவையும் எழுதுவார். திரும்பி வந்தால் அட்டையை வாங்கலாம். அட்டை பலகையில் இருந்தால் ஆள் உள்ளே. நாங்கள் ஒரு கொப்பி ஒற்றையில் எழுதிச் சமாளித்த நாட்களும் உண்டு.

எண்ணுவதை விடக் கஷ்டமானது நிறுத்துவது. 1999 டிசெம்பரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் பழைய குளிர்க்களஞ்சியம் ஒன்று எரிந்தது. உள்ளே ஆள் இருக்கலாம் என்று தேடிப் போன இருவர் வழி தவறினார்கள், அவர்களைத் தேடிப் போன நால்வரும் திரும்பவில்லை. இன்னும் போகத் துடித்தவர்களை மைக் மக்னமீ என்ற அதிகாரி வாசலை மறித்து நின்று தடுத்தார். தன் ஆட்கள் உள்ளே என்று தெரிந்துகொண்டே. அந்த இடத்தில் என்னால் நின்றிருக்க முடியுமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

பூநகரியில் இருந்து ஒருவர்: பெரிய ஆக்கள் வந்து கட்டளை போட்டால்?

தண்ணீர்ப் போத்தல் கொடுத்து றோட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். பொலிசும் மின்சார சபையும் வேறு. அவர்களின் பொறுப்பாளர்கள் தலைவரின் பக்கத்தில் நிற்கவேண்டும். மின்சாரத்தை வெட்டியாயிற்று என்று அவர் தன் காதால் கேட்டபிறகே தண்ணீர் அடிக்கலாம்.

ஒட்டுசுட்டானில் இருந்து ஒரு அம்மா: காட்டுப் பக்கம் எரிந்தால் பொடியள் பச்சைக் குழையோடு அடிக்க ஓடுறாங்கள். மிதிவெடி கிடக்கிற இடம் என்றால்?

ஓட விடாதீர்கள் அம்மா. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை இருக்கிற காணியிலோ, அகற்றி முடிந்தது என்று நிச்சயமாகத் தெரியாத காணியிலோ தீயணைப்புக்காரரே கால் வைக்கக்கூடாது. சூட்டிலேயே வெடிக்கக்கூடியவை கிடக்கும். அங்கே தலைவரின் கட்டளை "எரியட்டும்" என்பதுதான். சனத்தைத் தூர விலக்கிவிட்டு, காற்றுப் போகிற பக்கத்தில் றோட்டையோ உழுத வயலையோ எல்லையாகப் பிடித்து, வீடுகளை மட்டும் காப்போம். வேடிக்கை பார்ப்பவர்கள் எங்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்பார்கள், சொல்லட்டும். எந்தக் காணி எப்போது அகற்றப்பட்டது என்ற விபரத்தைக் கிராம அலுவலரிடம் இப்போதே கேட்டு வையுங்கள்.