கடைவாயில் இம்ப்ளான்ட்: அன்றைக்கே பல் கட்டலாமா?

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்து ஒரு வருடமாகிறது. சர்க்கரையும் உண்டு. இம்ப்ளான்ட் வைத்தால் அன்றைக்கே பல் கட்டிவிடுவார்களா? — வாசகி, திருச்சி

பதில்: எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அளவு) 7-ஐ ஒட்டி இருந்தால் தைரியமாக வைக்கலாம். முதலில் சிபிசிடி ஸ்கேன் (தாடையின் முப்பரிமாண எக்ஸ்ரே). இம்ப்ளான்ட் என்பது எலும்புக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. அதன் நுனிக்கும் கீழ்த்தாடை நரம்புக்கும் நடுவே 2 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். குறைந்தால் உதடு மரத்துப்போகலாம். துளையிடும்போது உப்புநீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியஸில் ஒரு நிமிடம் சூடானாலே அங்குள்ள செல்கள் செத்து, திருகு பிடிக்காமல் ஆடும்.

'ஒரே நாளில் பல்' விளம்பரமெல்லாம் உங்களுக்கு வேண்டாம். கடைவாயில் மெல்லும் அழுத்தம் அதிகம். எலும்பு திருகைப் பற்ற 3 மாதமாவது விட்டு, பிறகு அபட்மென்ட் (திருகையும் பல்லையும் இணைக்கும் துண்டு), அதன்மேல் கிரவுன் (செயற்கைப் பல்). இம்ப்ளான்ட்டில் சொத்தை விழாது. ஆனால் சுற்றியுள்ள ஈறில் சீழ் வைத்து எலும்பு கரையலாம். தினமும் பல்லிடுக்கு பிரஷ் போடுங்கள்.