கொரோனா பரவிய 2020-இல் அமெரிக்கக் கல்லூரிகளுக்கான புதிய பாலியல் தொல்லை விதிகளைத் தள்ளிவைக்கச் சொன்னது நியாயமா?

நியாயம்தான். ஆனால் முழு விதியையும் கிடப்பில் போடச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. புகார் கொடுத்தவருக்கு உடனே கிடைக்க வேண்டிய உதவிகள் பற்றிய பகுதியை அப்போதே அமலுக்குக் கொண்டுவந்திருக்கலாம். நேரடி விசாரணை, குறுக்கு விசாரணை பற்றிய பகுதிக்கு மட்டும் ஒரு கல்வியாண்டு அவகாசம் கொடுத்திருக்க வேண்டும்.

முதலில் பின்னணி. டைட்டில் நைன் என்பது 1972-இல் வந்த அமெரிக்கச் சட்டம். மத்திய அரசின் பணம் பெறும் எந்தப் பள்ளியும் கல்லூரியும் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. பாலியல் தொல்லையைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் பாகுபாடுதான் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. புகாரை எப்படி விசாரிக்க வேண்டும் என்று 2011-இல் ஒபாமா அரசு ஒரு வழிகாட்டுக் கடிதம் அனுப்பியது. டிரம்ப் அரசின் கல்விச் செயலர் பெட்சி டிவோஸ் 2017 செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற்றார். 2018 நவம்பரில் புதிய வரைவு விதி வெளியானது. 1,24,000-க்கும் மேற்பட்ட கருத்துகள் குவிந்தன. இறுதி வடிவம் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் 2020 மார்ச்சில் கல்லூரி வளாகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

அந்த மாதமே தள்ளிவைக்கும் கோரிக்கை எழுந்தது. உயர்கல்வி அமைப்புகள் சார்பில் அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் கடிதம் எழுதியது. செனட்டர்கள் பாட்டி மர்ரே, எலிசபெத் வாரன், கிர்ஸ்டன் ஜில்லிபிராண்ட் மூவரும் எழுதினார்கள். கல்வித்துறை கேட்கவில்லை. மே 6-ஆம் தேதி விதியை அறிவித்தது, மே 19-ஆம் தேதி ஃபெடரல் ரெஜிஸ்டர் அரசிதழில் வெளியிட்டது, ஆகஸ்ட் 14 முதல் அமல் என்றது. அரசிதழ் நாளிலிருந்து எண்ணினால் 87 நாள். அறிவிப்பு நாளில் வந்த பிரதி, விளக்க முன்னுரையோடு சேர்த்து, 2,000 பக்கத்தைத் தாண்டியது.

87 நாளில் என்ன செய்யச் சொன்னார்கள்? ஒரே ஒரு புகாரை எடுத்துக்கொண்டு ஆட்களை எண்ணிப் பாருங்கள். புகார்களுக்குப் பொறுப்பான டைட்டில் நைன் ஒருங்கிணைப்பாளர் ஒருவர். விசாரணை அதிகாரி ஒருவர். முடிவெடுப்பவர் ஒருவர், இவர் முதல் இருவரில் யாராகவும் இருக்கக்கூடாது. மேல்முறையீட்டைக் கேட்க இன்னொருவர். இவர் அந்த மூவரில் யாராகவும் இருக்கக்கூடாது. அதுவரை பல சிறிய கல்லூரிகளில் ஒரே ஆள் விசாரித்து அவரே முடிவும் சொல்வது வழக்கம். அது இனிக் கூடாது. இவர்களைத் தவிர, இரு தரப்புக்கும் ஆளுக்கொரு ஆலோசகர் வேண்டும். யாராவது ஆலோசகர் இல்லாமல் விசாரணைக்கு வந்தால் கல்லூரியே கட்டணமின்றி ஒருவரை அமர்த்தித் தர வேண்டும், ஏனென்றால் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை ஆலோசகருக்கு மட்டுமே. மாணவர் நேரடியாக மாணவரைக் கேள்வி கேட்க முடியாது. ஆக ஒரு வழக்குக்கு ஆறு பேர்; ஒருங்கிணைப்பாளரே விசாரித்தாலும் குறைந்தது ஐந்து பேர். ஆலோசகர்கள் தவிர மற்ற எல்லோருக்கும் பாரபட்சமின்மை, விசாரணை முறை, எது பொருத்தமான கேள்வி, நேரடி விசாரணைக்கான கருவிகள் என்று அவரவர் வேலைக்குத் தக்க பயிற்சி கட்டாயம். பயிற்சிப் பாடங்கள் அத்தனையையும் கல்லூரி இணையதளத்தில் பொதுவில் ஏற்ற வேண்டும். சின்ன விஷயமாகத் தெரியும்; ஆனால் அந்தப் பாடங்களைப் பெரும்பாலும் வெளி ஆலோசனை நிறுவனங்கள் காப்புரிமையோடு விற்கின்றன. அனுமதி வாங்க வேண்டும், அல்லது சொந்தமாகத் தயாரிக்க வேண்டும்.

இந்த வேலையெல்லாம் யார் மேசையில் விழுந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாணவர் நல அலுவலகம், சட்டப் பிரிவு, மனிதவளப் பிரிவு. அதே கோடையில் விடுதிகளில் தனிமைப்படுத்தும் அறைகளை ஒதுக்கியதும், பரிசோதனைக்கு ஏற்பாடு செய்ததும், முகக்கவசம் போடாத மாணவர் மீது நடவடிக்கைக்கு விதி எழுதியதும் இதே ஆட்கள். பல கல்லூரிகளில் புதிய ஆள் எடுப்பது நிறுத்தப்பட்டிருந்தது. பேராசிரியர்கள் பலருக்கு ஒன்பது மாத ஒப்பந்தம். கோடையில் அவர்கள் பணியில் இல்லை. ஆனால் பல இடங்களில் ஒழுங்குமுறை விதிகளை மாற்ற ஆசிரியர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும், பிறகு ஆட்சிக் குழுவின் ஒப்புதல் வேண்டும்.

ஆதார அளவுகோல் தனிச் சிக்கல். குற்றம் நடந்திருக்கும் வாய்ப்பே அதிகம் என்றால் போதும் என்பது ஒரு அளவுகோல். தெளிவான, நம்பத்தகுந்த ஆதாரம் வேண்டும் என்பது அதைவிடக் கடுமையானது. இரண்டில் எதை வேண்டுமானாலும் கல்லூரி தேர்ந்தெடுக்கலாம், ஆனால் மாணவருக்கும் ஊழியருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்றது விதி. பேராசிரியர் சங்கத்தின் ஒப்பந்தத்தில் கடுமையான அளவுகோல் எழுதப்பட்டிருந்தால் என்ன செய்வது? ஒன்று, மாணவர் வழக்குகளுக்கும் அதையே வைக்க வேண்டும். இல்லையென்றால் சங்கத்தோடு மறுபடி பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும். சம்பளக் குறைப்பும் ஆட்குறைப்பும் பேசிக்கொண்டிருந்த 2020 கோடையில் இது நடக்கிற காரியமா?

இனி, தள்ளிவைத்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லும் பகுதிக்கு வருகிறேன். கல்லூரி விசாரணையில் யாராவது குறுக்கு விசாரணைக்கு உட்படவில்லை என்றால், அவர் சொன்ன எந்த வாக்குமூலத்தையும் முடிவெடுப்பவர் கணக்கில் எடுக்கக்கூடாது என்றது விதி. புகார்தாரர், எதிர்த்தரப்பு, சாட்சி எல்லோருக்கும் இது பொருந்தும். காவல்துறை அறிக்கையில் உள்ள கூற்றும் அப்படியே. பாலியல் வன்முறைக்கு ஆளானவரைப் பரிசோதித்த செவிலியரின் அறிக்கையும் அப்படியே: அதை எழுதியவர் வந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால்தான் அதிலுள்ள கூற்றுகள் செல்லும். வெளி ஆட்களை வரவழைக்கக் கல்லூரிக்கு அழைப்பாணை அதிகாரம் கிடையாது. சாதாரண காலத்திலேயே ஒரு செவிலியரைக் கல்லூரி விசாரணைக்கு வரவழைப்பது கடினம். 2020-இல் அவசரப் பிரிவில் கொரோனா நோயாளிகளோடு நிற்பவரை யார் வரவழைப்பது? அவர் வராவிட்டால் நஷ்டம் அவருக்கு இல்லை, பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு.

விசாரணையை இணையம் வழியாக நடத்தலாம், எல்லோரும் ஒருவரையொருவர் பார்க்கவும் கேட்கவும் முடிந்தால் போதும் என்று துறை பதில் சொன்னது. விதியில் அதற்கு இடமிருந்தது உண்மை. ஆனால் திரையில் அது எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஆலோசகர் ஒரு கேள்வி கேட்கிறார். பதில் சொல்ல வேண்டியவர் வாயைத் திறக்கும் முன், அந்தக் கேள்வி பொருத்தமானதா என்று முடிவெடுப்பவர் தீர்மானிக்க வேண்டும். விலக்கினால் காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இதே கதை. இணைப்பு இரண்டு நொடி தாமதமானால் தடுக்கப்பட வேண்டிய கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. பக்கத்து அறையில் யார் நின்று சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று தெரியாது. எல்லாவற்றையும் பதிவு செய்து ஏழு ஆண்டு பாதுகாக்க வேண்டும்.

இதில் நம்மவர்களுக்கு நேரடியான சம்பந்தம் உண்டு. வளாகம் மூடியதும் ஊர் திரும்பிய இந்திய மாணவர்கள் பலர். ஒஹாயோவில் மதியம் 2 மணிக்கு வைக்கும் விசாரணை சென்னையில் இரவு 11:30. நாலு மணி நேரம் ஓடினால் விடியற்காலை 3:30. அப்பா அம்மா தூங்கும் வீட்டில், அவர்களுக்கு இன்னும் சொல்லாத ஒரு விஷயத்தை, அந்நிய மொழியில், கேமரா முன்னால் சொல்ல வேண்டும். பாதியில் மின்சாரம் போய், மறுநாள் தொடரக் கல்லூரி ஒத்துக்கொள்ளவில்லை என்றால், குறுக்கு விசாரணை முடியாத சாட்சியாகிவிடுவார். அதுவரை அவர் எழுதிக்கொடுத்த அத்தனையும் கணக்கில் வராமல் போகும் அபாயம் உண்டு.

எதிர்வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. குடிமை உரிமைகள் காத்திருக்க முடியாது, வழக்குகள் இப்போதும் தீர்மானிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கின்றன என்பது டிவோஸின் நிலைப்பாடு. குற்றம் சாட்டப்பட்டவர் தன்மீதுள்ள ஆதாரத்தையே பார்க்காமல் வெளியேற்றப்பட்ட வழக்குகள் அதற்கு முன் இருந்தன. அது அநீதி. புதிய விதி இரு தரப்புக்கும் ஆதாரம் முழுவதையும் காட்டி 10 நாள் கொடுத்தது, பிறகு விசாரணை அறிக்கைக்குப் பதில் சொல்ல இன்னொரு 10 நாள். இது நல்ல மாற்றம். கொரோனாவிலும் மின்னஞ்சலிலேயே செய்துவிடலாம். குறுக்கு விசாரணையும் எல்லோருக்கும் புதிதல்ல. மிஷிகன் பல்கலைக்கழக வழக்கில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் 2018-இலேயே அதைக் கட்டாயமாக்கியது. மிஷிகன், ஒஹாயோ, கென்டக்கி, டென்னசி மாநில அரசுப் பல்கலைக்கழகங்கள் பழகிக்கொள்ள இரண்டு ஆண்டு கிடைத்திருந்தது. மற்ற மாநிலங்களுக்கு அந்த இரண்டு ஆண்டு கிடைக்கவில்லை.

பள்ளிகளைப் பொறுத்தவரை நேரடி விசாரணை கட்டாயமில்லை, எழுத்துக் கேள்விகள் போதும். ஆனால் ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், சமையல்கூட ஊழியர் என எந்த ஊழியருக்குத் தெரிந்தாலும் பள்ளிக்கே தெரிந்ததாக அர்த்தம். அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய நேரத்தில் பள்ளிகள் திரையில் நடந்துகொண்டிருந்தன. வகுப்பு நடக்கும் வீடியோ தளத்தில் நடக்கும் தொல்லையும் விதிக்குள் வரும்.

தள்ளிவைப்பது சட்டப்படி சாத்தியமா? பல வழிகள் இருந்தன. வெள்ளை மாளிகையின் பரிசீலனையில் இருக்கும்போதே வெளியிடாமல் நிறுத்தலாம். வெளியிட்டு, அமல் தேதியை மட்டும் தள்ளி வைக்கலாம். வழக்கு நிலுவையில் இருந்தால் நிர்வாக நடைமுறைச் சட்டத்தின் 705-ஆம் பிரிவின்படி துறையே தேதியை ஒத்திவைக்கலாம். நீதிமன்றமும் அதே பிரிவில் நிறுத்தலாம். ஒவ்வொரு பகுதியும் தனித்தனியே நிற்கக்கூடியது என்று விதியிலேயே எழுதியிருந்ததால், பகுதி பகுதியாக அமல்படுத்துவதற்கும் பெரிய தடை இல்லை.

ஏன் செய்யவில்லை? காலண்டரைப் பார்த்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. தேர்தல் ஆண்டின் பிற்பகுதியில் வெளியிடும் விதியை அடுத்த நாடாளுமன்றம் தனிச் சட்டத்தின்படி எளிய பெரும்பான்மையில் ரத்து செய்யலாம். மே மாதமே வெளியிட்டால் அந்த ஆபத்து குறைவு. அதேபோல, இன்னும் அமலுக்கு வராத விதிகளைப் புதிய அதிபர் பதவியேற்கும் நாளிலேயே நிறுத்தி வைப்பது வாடிக்கை. அமல் தேதியை 2021 கோடைக்குத் தள்ளியிருந்தால் விதி அந்த வலையில் சிக்கியிருக்கும். துறை இதைக் காரணமாகச் சொன்னதில்லை. இது என் ஊகம்.

17 மாநிலங்களும், தலைநகர் வாஷிங்டன் அமைந்த கொலம்பியா மாவட்டமும் ஒரு வழக்கு, நியூயார்க் தனியாக ஒரு வழக்கு என்று ஜூன் 4-ஆம் தேதி தொடுத்தன. நியூயார்க்கில் நீதிபதி ஜான் கோல்ட்ல் ஆகஸ்ட் 9-ஆம் தேதியும், வாஷிங்டனில் நீதிபதி கார்ல் நிக்கல்ஸ் ஆகஸ்ட் 12-ஆம் தேதியும் தடை தர மறுத்தார்கள். விதி குறித்த நாளில் அமலுக்கு வந்தது. ஆகஸ்ட் 14-க்கு முன் நடந்ததாகச் சொல்லப்படும் சம்பவங்களுக்கு இதைக் கட்டாயப்படுத்த மாட்டோம் என்று துறை சொன்னதால், கல்லூரிகள் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு நடைமுறைகளை ஒரே நேரத்தில் ஓட்ட வேண்டியிருந்தது.

வாக்குமூலத்தைத் தள்ளுபடி செய்யும் அந்தப் பிரிவு 2021 ஜூலை 28-ஆம் தேதி விழுந்தது. பாஸ்டனில் நீதிபதி வில்லியம் யங் அது தன்னிச்சையானது என்று செல்லாததாக்கினார். அடுத்த மாதம் துறையும் அதை அமல்படுத்துவதை நிறுத்தியது. ஓராண்டு தள்ளிவைத்திருந்தால் அந்தப் பிரிவால் ஒரு புகாரும் விழுந்திருக்காது.

பைடன் அரசும் இதே தவறைச் செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஏப்ரல் 29-ஆம் தேதி அரசிதழில் புதிய விதி, ஆகஸ்ட் 1 முதல் அமல். 94 நாள். அதைக் கென்டக்கியில் ஒரு மத்திய நீதிமன்றம் 2025 ஜனவரி 9-ஆம் தேதி ரத்து செய்தது. 2020 விதி திரும்ப வந்தது.

அதனால் அமெரிக்காவில் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. முறைப்படி புகார் எழுதாமலேயே வகுப்பு மாற்றம், விடுதி மாற்றம், தேர்வுக்கு அவகாசம், இருவரும் ஒருவரையொருவர் தொடர்புகொள்ளக்கூடாது என்ற உத்தரவு ஆகியவற்றை ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கலாம். கல்லூரியில் யாரோ ஒரு பேராசிரியரிடம் சொன்னால் போதாது. ஒருங்கிணைப்பாளருக்கோ, நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் உள்ளவருக்கோ தெரிந்தால்தான் விதிப்படி கல்லூரிக்குத் தெரிந்ததாகும். ஆகவே எழுத்தில், மின்னஞ்சலில், தேதியோடு அனுப்புங்கள். ஊரில் விடுமுறைக்கு வந்தபோது நடந்த சம்பவம் இந்த விதிக்குள் வராது, ஏனென்றால் பாதிக்கப்பட்டவர் அமெரிக்காவுக்குள் இருந்திருக்க வேண்டும். அதற்குக் கல்லூரியின் பொது ஒழுங்கு விதியின் கீழ் புகார் செய்யலாம். கல்லூரி கண்டுகொள்ளவில்லை என்றால் கல்வித்துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் 180 நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும்.