'பாண்டி'யும் 'பெங்காலி'யும்: டீச்சரிடம் கேட்டவை

இனவெறி, நிறவெறி பற்றி வீட்டிலும் வேலையிடத்திலும் எப்படிப் பேச்செடுப்பது என்று பாலக்காட்டு எல்லைப்புறத் தமிழர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். சித்தூர் வட்டாரத்தில் சமூக அறிவியல் கற்பித்த ஆசிரியை பதில் சொல்கிறார்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், பையனைத் தமிழ் மீடியத்திலிருந்து மலையாளம் மீடியத்துக்கு மாற்றினோம். வகுப்பில் 'பாண்டி' என்று, தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் அந்தப் பெயரால் கூப்பிடுகிறார்களாம். போய்ச் சண்டை போடலாமா?

கட்டாயம் போங்கள். அதற்கு முன் பையனிடம் உட்கார்ந்து கேளுங்கள்: யார் சொன்னது, எப்போது, யாரெல்லாம் சிரித்தார்கள்? 'என் பிள்ளையைக் கேவலப்படுத்துகிறார்கள்' என்று பொதுவாகச் சொன்னால், 'பிள்ளைகள் விளையாட்டு' என்று தட்டிக்கழித்துவிடுவார்கள். 'கணக்குப் பீரியடில் போர்டுக்குப் போனபோது பின் பெஞ்சிலிருந்து இப்படிக் கூப்பிட்டார்கள், அதற்கப்புறம் அவன் கை தூக்குவதே இல்லை' என்று சொல்லுங்கள். அப்போது வகுப்பாசிரியர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். கை தூக்காத பிள்ளைக்குச் சந்தேகம் தீராது, மார்க் குறையும். பிறகு அந்த மார்க்கையே காட்டி 'பாண்டிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது' என்பார்கள். இனவெறி தனக்கான சாட்சியைத் தானே தயாரித்துக்கொள்ளும் விதம் இதுதான்.

கஞ்சிக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் எல்லாரையுமே இங்கே 'பெங்காலி' என்பார்கள். டீக்கடையில் 'பெங்காலிகள் வந்ததிலிருந்துதான் திருட்டு' என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். சண்டை வராமல் எப்படிப் பேசுவது?

'நீங்கள் இனவெறி பிடித்தவர்' என்று ஆரம்பித்தால் அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. 'எந்தத் திருட்டு? யார் வீட்டில்? பிடிபட்டது யார்?' என்று நிதானமாகக் கேளுங்கள். பெரும்பாலும் யாரோ சொன்னார்கள் என்பதில்தான் போய் நிற்கும். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. எத்தனையோ பேர் பயந்து ரயிலேறினார்கள்.

வெறும் பேச்சுதானே என்று யாராவது சொன்னால், அட்டப்பாடி மதுவை நினைவுபடுத்துங்கள். நம் மாவட்டத்தில் நடந்தது. 2018 பிப்ரவரி 22. மனநலம் குன்றியிருந்த அந்த ஆதிவாசி இளைஞரை, அரிசி திருடினார் என்று காட்டிலிருந்து பிடித்துவந்து, கைகளைக் கட்டி அடித்தார்கள். கட்டுண்டு நின்றவரோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டார்கள். அன்றே அவர் இறந்தார். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அத்தனை பேருக்கும் ஒரே சமயத்தில் கை ஓங்கத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? 'இவர்களெல்லாம் இப்படித்தான்' என்று காலங்காலமாகப் பேசிப் பழகியதிலிருந்துதான்.

நாமும் அந்த இடத்தில் நின்றவர்கள்தான். 2011 கடைசியில் முல்லைப்பெரியாறு பிரச்சினை முற்றியபோது, இடுக்கித் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பயந்து தேனிப் பக்கம் இறங்கினார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் மலையாளிகளின் கடைகள் தாக்கப்பட்டன. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். ஒன்றை மட்டும் சொன்னால் அது கட்சி கட்டுவதாகிவிடும்.

முதலமடையிலிருந்து: நிறம், இனம் சரி. சாதியை எதற்கு இதில் சேர்க்கிறீர்கள்?

சர்வதேச அரங்கிலேயே இந்த வாதம் உண்டு. இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான 1965இன் ஐ.நா. உடன்படிக்கை, அந்தப் பாகுபாட்டில் பிறப்புவழி வரும் பாகுபாட்டையும் சேர்த்திருக்கிறது. சாதி அதில் வராது என்பது, இனவெறிக்கு எதிராக 2001இல் டர்பனில் நடந்த ஐ.நா. மாநாட்டிலும் இந்திய அரசின் நிலைப்பாடு. தலித் அமைப்புகள் அங்கேயே அதை மறுத்துப் பேசின. நம் அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு இனத்தையும் சாதியையும் தனித்தனியாகச் சொல்லி இரண்டையும் தடுக்கிறது.

எனக்கு இதைவிட முக்கியம் உங்கள் ஊர். கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் தண்ணீரிலும் டீக்கடையிலும் பாகுபாடு என்ற புகார் 2017இல் பெரிய செய்தியானது. புகார் சொன்ன அருந்ததியர் குடும்பங்கள் எந்த மொழிக்காரர்கள்? புகாருக்கு ஆளான கவுண்டர்கள் எந்த மொழிக்காரர்கள்? 'பாண்டி' என்ற சொல் சுடுகிறது என்றால், நம் தெருவில் நாம் சொல்லும் சொல் யாரைச் சுடுகிறது என்றும் பேசித்தான் ஆகவேண்டும். அங்கே பேச்சைத் தொடங்க வேண்டியவர்கள் அடி வாங்கியவர்கள் அல்லர். கவுண்டர் வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் படித்தவர்கள்தான், அவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சித்தூரிலிருந்து ஒரு மாணவி: நான் கறுப்பு என்று அப்பத்தா எப்போதும் கல்யாணக் கவலைப்படுகிறார். திட்டவும் மனசு வரவில்லை.

திட்ட வேண்டாம் கண்ணு. 'உங்களை யார் முதலில் அப்படிச் சொன்னார்கள் அப்பத்தா?' என்று கேள். அவர்களுக்கும் ஒரு கதை இருக்கும். 2025இல் கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரனே தன் நிறத்தைப் பற்றி வந்த பேச்சுக்குப் பகிரங்கமாகப் பதில் எழுதினார். அதையும் அவர்களுக்குப் படித்துக்காட்டு.

வாளையாறு: வடக்கத்திப் பையன்களுக்கு வீடு விட எனக்குச் சம்மதம். பக்கத்து வீட்டார் 'ஒரு ரூமில் பத்துப் பேர் அடைவார்கள், அசிங்கம்' என்கிறார்கள்.

பலரும் வீடு தராததால்தான் கிடைத்த ஒரே ரூமில் பத்துப் பேர் அடைகிறார்கள். எத்தனை பேர், என்ன வாடகை, குப்பை எங்கே போடுவது என்று யாரிடமும் போடுகிற ஒப்பந்தத்தை இவர்களிடமும் போடுங்கள். குடிவரும் நாளன்று அந்தப் பையன்களைப் பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போய், பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்துங்கள். இந்தியில் தடுமாறினாலும் பரவாயில்லை, அவர்களுக்கு அதற்குள் கொஞ்சம் மலையாளம் வந்திருக்கும்.