பேரம் பேசத் தயங்கும் பேராசிரியருக்கு

கேள்வி: நிலக்கோட்டையைச் சேர்ந்த நான், அமெரிக்காவில் வேதியியலில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு அங்கேயே ஆய்வாளராக இருக்கிறேன். மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று ஆண்டுக்கு 82,000 டாலர் சம்பளத்தில் உதவிப் பேராசிரியர் பணி தர முன்வந்திருக்கிறது. கூடுதலாகக் கேட்கச் சொல்கிறார்கள் நண்பர்கள்; பூ வியாபாரம் செய்யும் அப்பாவோ, "கொடுக்கிறதை வாங்கிக்கொள், கேட்கப்போய் கைநழுவிவிடப் போகிறது" என்கிறார். இன்னொன்றைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. என் ஆய்வு நெறியாளர் பூசிக்கொள்ளும் மிட்சுகோ என்ற பழைய பிரெஞ்சு சென்ட்டின் மேல் எனக்கு நெடுநாள் ஆசை. முதல் சம்பளத்தில் அதன் பழைய புட்டி ஒன்றை இணைய ஏலத்தில் எடுக்க நினைப்பது ஊதாரித்தனமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முகூர்த்த நாளுக்கு முந்தைய காலையில், மல்லிகையை முதலில் கேட்ட விலைக்கே உங்கள் அப்பா ஒருநாளும் கொடுத்திருக்கமாட்டார். அவரே உங்களைத் தடுப்பதில் முரண் இருப்பதாகத் தோன்றலாம். ஆனால் அவர் அறிந்த கல்லூரி வேலையில் பேரத்துக்கு இடமே இல்லை. ஏழாவது ஊதியக் குழுவை ஒட்டிய யூ.ஜி.சி. விகிதப்படி உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்றால், அதைத் துணைவேந்தரே நினைத்தாலும் மாற்ற முடியாது. நீங்கள் சேரப்போகும் இடத்தில், தொழிற்சங்க ஒப்பந்தம் விகிதத்தைக் கட்டிப்போட்டிருந்தாலொழிய, முதலில் சொல்லப்படும் தொகை பேச்சின் தொடக்கம்தான்.

உங்கள் 82,000 டாலரை 89,000 ஆக்க முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு உயர்வு 3 விழுக்காடாகவே இருந்தாலும், அந்த 7,000 டாலர் வித்தியாசம் பத்து ஆண்டுகளில் 80,000 டாலரைத் தாண்டிவிடும். ஓய்வூதியக் கணக்கில் பல்கலைக்கழகம் செலுத்தும் பங்கும் சம்பளத்தின் விழுக்காடாகவே கணக்கிடப்படுவதால் அதுவும் கூடவே வளரும். எவ்வளவு கேட்பது என்பதை ஊகிக்கவும் வேண்டாம். பல மாநிலங்களில் பொதுப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளம் யாரும் பார்க்கக்கூடிய ஆவணம். அதில் உங்கள் துறையில் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சேர்ந்தவர்களின் தொகையை மட்டும் பாருங்கள். பத்தாண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்கள் புதியவர்களைவிடக் குறைவாக வாங்குவது அங்கே சாதாரணம் என்பதால், அவர்களோடு ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள்.

கைநழுவும் என்ற அச்சத்துக்கு ஆதாரமே இல்லை என்று சொல்லமாட்டேன். 2014இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிறு கல்லூரி, தத்துவத் துறைக்குத் தேர்ந்தெடுத்த ஒரு பெண்ணுக்கு அளித்த வாய்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கூடுதல் சம்பளம், மகப்பேறு விடுப்பு, ஆய்வு விடுப்பு, புதிய பாடங்களுக்கு ஒரு வரம்பு, ஓராண்டு தள்ளிச் சேர்வது என ஐந்து கோரிக்கைகளை அவர் ஒரே மின்னஞ்சலில் எழுதியிருந்தார். கல்லூரி நடந்துகொண்டது அநாகரிகம் என்பதே என் கருத்து. இருந்தாலும் பட்டியலாக எழுதி அனுப்பும்போது கேட்பவரின் குரலும் தயக்கமும் அதில் இருப்பதில்லை என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். நீங்கள் துறைத் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பணியில் சேர விரும்புகிறேன் என்பதை முதலில் சொல்லிவிட்டு, எவற்றைப் பேசலாம் என்று அவரிடமே கேளுங்கள். பணம் பெரும்பாலும் டீனின் கையில் இருக்கிறது. அவரிடம் உங்களுக்காக வாதாடப்போகும் துறைத் தலைவருக்கு வேண்டியவை உங்கள் காரணங்கள். பேசி முடித்தவற்றை நியமனக் கடிதத்தில் எழுத்தாக வாங்காமல் கையெழுத்திட வேண்டாம்.

அடிப்படைச் சம்பளம் அசையாவிட்டால் மற்றவற்றுக்கு வாருங்கள். அங்கே சம்பளம் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கே. கோடை மாதங்களுக்கு ஆய்வு நிதியிலிருந்துதான் எடுத்துக்கொள்ள வேண்டும், அதிலும் அமெரிக்க அரசின் ஆய்வு நிதி அமைப்பான தேசிய அறிவியல் அறக்கட்டளை பொதுவாக ஆண்டுக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. எனவே முதல் இரண்டு கோடைகளுக்கான சம்பளத்தைப் பல்கலைக்கழகமே தருமா என்று கேளுங்கள். வேதியியல்காரரான உங்களுக்கு ஆய்வகம் தொடங்கும் நிதி சம்பளத்தைவிட முக்கியம். கருவிகளின் விலைப்புள்ளிகளோடு போய்ப் பேசுங்கள். கிரீன் கார்டையும் மறக்க வேண்டாம். அதற்கு முற்படியான தொழிலாளர் துறைச் சான்றுக்கு, கல்லூரி ஆசிரியர்களுக்கான தனி வழியில் விண்ணப்பிக்க, தேர்வு நடந்த நாளிலிருந்து 18 மாதம்தான் அவகாசம். அதை யார், எப்போது தாக்கல் செய்வார்கள் என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

மிட்சுகோ விஷயத்தில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1919இல் ஜாக் கெர்லைன் உருவாக்கிய அந்த சென்ட்டில் பீச் பழ மணத்தைத் தருவது பழச்சாறு அல்ல, காமா-அண்டெகாலாக்டோன் என்ற வேதிப்பொருள். வாசனைத் தொழிலில் அதற்கு 'ஆல்டிஹைட் சி-14' என்று பெயர், அது ஆல்டிஹைடே அல்ல என்பதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். அந்தக் கனிவுக்கு அடியில் ஓக் மரப்பாசியின் கசப்பும் ஈரமண் வாசமும் இருப்பதால்தான் அது திகட்டுவதில்லை. இன்றைய சென்ட்டுகளில் பல, கடையில் முகர்ந்து பார்க்கும் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடுகின்றன. மிட்சுகோ முதலில் முகம் சுளிக்க வைத்து, மாலையில்தான் மனதைப் பிடிக்கும்.

ஆனால் ஏலப் புட்டியைப் பார்க்காமல் மட்டும் எடுக்காதீர்கள். ஒளியிலும் வெப்பத்திலும் கிடந்த பழைய சென்ட்டில், பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் மணம் போல, பூசியதும் எழும் மேல் வாசனைகள் முதலில் கெட்டுப்போகும். வெர்சாயில் உள்ள ஒஸ்மோதேக் காப்பகம் பழைய சென்ட்டுகளை ஆர்கான் வாயுவின் கீழ், 12 டிகிரி குளிரில், இருட்டில் வைத்திருப்பது அதனால்தான். இன்று விற்கும் மிட்சுகோ முற்றிலும் பழையது அல்ல என்பதும் உண்மை. மரப்பாசியில் உள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் ஆகியவை ஒவ்வாமை உண்டாக்குவதால் ஐரோப்பிய ஒன்றியம் அவற்றைத் தடை செய்துவிட்டது. அதற்கேற்பக் கலவையும் மாறியிருக்கிறது. உங்கள் நெறியாளர் பூசுவது எந்தக் காலத்துப் புட்டி என்று அவரிடமே கேட்டுவிடலாம், மகிழ்ந்துபோவார். அதற்குள் இன்றைய மிட்சுகோவை இரண்டு மில்லி அளவில் சிறு குப்பியில் வாங்கி, ஒரு விடுமுறை நாளில் மணிக்கட்டில் இட்டு, மாலைவரை பொறுத்துப் பாருங்கள். அதற்கு முதல் சம்பளம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் துறைத் தலைவரோடு பேசும் தொலைபேசி அழைப்பை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.