மெரினா படங்கள் ஏன் கறுப்பாக வந்தன

வணக்கம் நண்பரே. 2024 அக்டோபரில் மெரினாவில் எடுத்த, இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் படங்களில் விமானமெல்லாம் கறுப்பு நிழலாக விழுந்துவிட்டது, அடுத்த ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குள் சரிசெய்ய வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள்.

உங்கள் கேமராவில் குறை இல்லை. மெரினாவில் நாம் கடலைப் பார்த்து, அதாவது கிழக்கு நோக்கி நிற்கிறோம். முற்பகல் வெயில் நேராக லென்ஸில் விழும். பளிச்சென்ற வானத்தைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடும். சூர்யகிரண் ஓட்டும் ஹாக் ஜெட்டின் சிவப்பு வெள்ளை அடையாளமே தெரியாமல் போகும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +1 வரை ஏற்றுங்கள். வானம் கொஞ்சம் வெளுத்தாலும் பரவாயில்லை. ஏரோ இந்தியா நடக்கும் பெங்களூரு எலகங்காவில் முடிந்தவரை வெயில் முதுகில் படும்படி நில்லுங்கள்.

ஜெட்டுக்கு ஷட்டர் வேகம் 1/1000 நொடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். விமானப்படையின் சாரங் சாகசக் குழு ஹெலிகாப்டர்களுக்கு மட்டும் 1/250க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் விசிறி சுழலாமல் நிற்பதுபோல் உயிரற்றுத் தெரியும்.

அப்புறம் முக்கியமான ஒன்று: சத்தம் வரும் பக்கம் திரும்பாதீர்கள். ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஒலிக்கு மூன்று நொடி ஆகும். அதற்குள் மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அரை கிலோமீட்டர் முன்னால் போயிருக்கும். புகையின் நுனியைப் பிடியுங்கள். இரண்டு விமானங்கள் எதிரெதிரே வரும்போது ஒன்றை மட்டும் லென்ஸில் தொடருங்கள், மற்றது தானாக ஃபிரேமுக்குள் வரும். சூர்யகிரணின் ஒன்பது விமானங்களும் வைர வடிவில் தலைக்கு மேல் திரும்பும்போது மட்டும் கேமராவை இறக்கிவிட்டுக் கண்ணால் பாருங்கள். எனக்கு இன்றும் அந்த நொடியில் உடம்பு சிலிர்க்கும்.