பாதித் திரைக்குள் அடங்காத பில்லிங் சாஃப்ட்வேர்

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலிருந்தபடியே கீழமாசி வீதிக் கடைகள் சிலவற்றுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அதுதான் என் பிழைப்பு. போன வருஷம் ஒரு சென்னை நிறுவனத்திடம் 12,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 14,160 கட்டிக் கணக்கு சாஃப்ட்வேர் வாங்கினேன். மாதா மாதம் ஜி.எஸ்.டி.ஆர்-2பி-யையும் (சரக்கு விற்றவர்கள் தாக்கல் செய்ததை வைத்து ஜி.எஸ்.டி. தளம் தரும் பட்டியல்) இந்த சாஃப்ட்வேரில் உள்ள கொள்முதல் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். விண்டோஸ் பட்டனோடு இடது அம்புக்குறியை அழுத்தினால் மற்ற எல்லாம் பாதித் திரைக்குப் போய் நிற்கின்றன. இந்த சாஃப்ட்வேர் மட்டும் அசைய மாட்டேன் என்கிறது. நிறுவனத்துத் தம்பியைக் கேட்டால், "அது உங்க கம்ப்யூட்டர் பிரச்சனைக்கா, இன்னொரு மானிட்டர் வாங்கிக்கோங்க" என்கிறார். அடுத்த மாதம் ரினியூவல். மானிட்டர் வாங்குவதா, சாஃப்ட்வேரை மாற்றுவதா, பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் குறை இல்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது. மற்ற எல்லாம் போய் நிற்கின்றன என்றால் விண்டோஸ் தன் வேலையைச் செய்கிறது என்றுதான் பொருள். ஒரு புரோகிராம்கூட நகரவில்லை என்றால்தான் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் மல்ட்டிடாஸ்கிங் போய், விண்டோக்களைப் பாதித் திரையில் நிறுத்தும் 'ஸ்னாப் விண்டோஸ்' அணைந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தத் தம்பி உங்களிடம் அப்படிச் சொன்னது தவறு.

நடப்பது இதுதான். ஒரு புரோகிராம் தன் விண்டோவைத் திறக்கும்போதே, இதன் அளவை மாற்றலாமா, கூடாதா என்று விண்டோஸிடம் சொல்லிவிடுகிறது. கூடாது என்று சொல்லியிருந்தால் அம்புக்குறியை எத்தனை தடவை அழுத்தினாலும் அது அசையாது. சுட்டியை விண்டோவின் ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். இருபக்க அம்பாக மாறவில்லை, மேலே உள்ள சதுரப் பட்டனும் மங்கிக் கிடக்கிறது என்றால் உங்களுடையது அந்த வகை. பழைய காலத்தில் எழுதி, புதுப் பெயர் வைத்து விற்கப்படும் கணக்கு சாஃப்ட்வேர்களில் இது சகஜம். பில் நம்பர், தேதி, தொகைக் கட்டங்களை எல்லாம் ஒரே அளவுக்கென்று ஆணி அடித்த மாதிரி வைத்திருப்பார்கள். விண்டோ சுருங்கினால் கட்டங்கள் வெட்டுப்பட்டுப் போகும் என்பதால் அளவையே பூட்டிவிடுகிறார்கள்.

வேறு வகைகளும் உண்டு. தலைப்புப் பட்டையை விண்டோஸிடம் விடாமல் தானே வரைந்துகொள்ளும் புரோகிராம்களில் ஓரத்தைப் பிடித்து இழுக்க முடிந்தாலும் இந்த அம்புக்குறி ஷார்ட்கட் வேலை செய்யாமல் போகலாம். இன்னும் சில பாதித் திரைக்குப் போகும், ஆனால் தன் குறைந்தபட்ச அகலத்துக்குக் கீழே சுருங்காமல் பக்கத்து விண்டோவின் மேல் ஏறி உட்காரும். பெரிய சட்டத்துக்குள் லெட்ஜர், வவுச்சர் என்று குட்டி விண்டோக்கள் திறக்கும் வகையில், அம்புக்குறி வெளிச் சட்டத்தை மட்டும்தான் நகர்த்தும்.

இந்த அம்புக்குறி வசதி 2009-இல் விண்டோஸ் 7-உடனேயே வந்துவிட்டது. இன்றைக்குக் காசு வாங்கி விற்கும் ஒரு சாஃப்ட்வேர் அதற்கு வழி விடவில்லை என்றால் நான் அதைக் குறை என்றே சொல்வேன். மணிக்கணக்கில் சுட்டியைப் பிடித்து இழுப்பவரின் மணிக்கட்டுக்குத்தான் அந்த வலி தெரியும்.

சரி, மானிட்டர். அதற்கு முன் உங்கள் திரையின் அகலத்தைப் பாருங்கள். சாஃப்ட்வேர் 1024 பிக்சலில் பூட்டப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திரை 1366 என்றால் மிச்சம் 342தான், அதில் ஜி.எஸ்.டி. தளத்தைப் படிக்க முடியாது. 1920 என்றால் 896 மிஞ்சும், தாராளம். ஆனால் எழுத்துப் பெரிதாகத் தெரிய ஸ்கேலிங்கை 125 சதவீதத்தில் வைத்திருந்தால் அந்த 1024 திரையில் 1280 ஆகிவிடும். மிச்சம் 640தான்.

இடம் இருக்கிறது என்றால் வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். அசையாததை ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, அசைவதைச் சுருக்குங்கள். ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் ஒரு சின்ன மெனு வரும். அதில் 'எம்' தட்டி, அம்புக்குறியால் சாஃப்ட்வேரை இடது ஓரத்துக்குத் தள்ளி என்டர் கொடுங்கள். தன் பட்டையைத் தானே வரையும் சிலவற்றில் இந்த மெனு வராது, அப்போது சுட்டிதான் வழி. அப்புறம் பிரவுசரின் ஓரத்தைப் பிடித்து மிச்ச இடத்துக்கு இழுத்து, கன்ட்ரோலும் கழித்தல் குறியும் தட்டி எழுத்தைச் சிறிதாக்குங்கள். 2பி-யை எக்செல்லாக இறக்கிக்கொண்டால் வேண்டாத பத்திகளை மறைத்துவிட்டு இன்னும் ஒடுக்கமாக வைக்கலாம். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் என்ற தொகுப்பில், திரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து விண்டோக்களை அதில் நிறுத்தும் 'ஃபேன்சிஸோன்ஸ்' என்று ஒரு கருவி இருக்கிறது, அதையும் முயன்று பாருங்கள். உங்கள் சாஃப்ட்வேர் அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறது என்றால் பவர்டாய்ஸையும் அப்படியே ஓட்ட வேண்டும். இதற்கென்று காசு கொடுத்து வேறு எதையும் வாங்கிப் போடாதீர்கள்.

திரை 1366 என்றால் இரண்டாவது மானிட்டர் உண்மையிலேயே உதவும். பழையது ஒன்று போதும். பழசில் வி.ஜி.ஏ. என்ற பழைய வகைக் கேபிள் செருகும் இடம் மட்டும் இருந்து, லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. என்ற புது வகை மட்டும் இருந்தால் நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும், வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அவர்கள் குறைக்கு நீங்கள் செலவு செய்கிறீர்கள் என்பதை ரினியூவல் பேசும்போது சொல்லிவிடுங்கள்.

பணம் திரும்ப வருமா? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆக மாட்டார். ஆனால் சுயதொழிலாகச் செய்து அதிலேயே பிழைப்பவருக்கு விலக்கு இருக்கிறது, உங்கள் நிலைமை அதுதான். நிறுவனம் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்டதிலிருந்து 2 வருஷத்துக்குள் போட வேண்டும். என்றாலும் ஷார்ட்கட் வேலை செய்யவில்லை என்பதை மட்டும் வைத்து முழுத் தொகையையும் திரும்பக் கேட்பது நிற்காது என்பது என் எண்ணம். ஒரு வருஷம் உபயோகித்தும் இருக்கிறீர்கள். அவர்கள் விளம்பர நோட்டீசிலோ மெயிலிலோ "விண்டோஸின் எல்லா வசதிகளோடும் இயங்கும்" என்ற மாதிரி எழுதித் தந்திருந்தால் கதை வேறு. அதைத் தேடி எடுத்து வையுங்கள். முதலில் 1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள், செலவில்லை.

உங்கள் கையில் உள்ள பெரிய பிடி ரினியூவல்தான். இன்றே மெயில் போடுங்கள், போனில் பேசினால் சாட்சி இருக்காது. "கொள்முதல் பதிவேடு விண்டோவின் அளவை மாற்ற முடியவில்லை, எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவீர்கள், அதுவரை ரினியூவல் தொகையில் எவ்வளவு குறைப்பீர்கள்" என்று இரண்டே கேள்வி. கட்டங்களை எல்லாம் மாற்றி அடுக்க வேண்டியிருப்பதால் நாலு நாளில் முடிகிற வேலை அல்ல அது. தேதியே சொல்லவில்லை என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் பழைய கணக்கு முழுவதையும் எக்செல்லாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ரினியூவல் தேதி தாண்டினால் சில சாஃப்ட்வேர்கள் திறக்கவே விடாது.

புதியதை விற்க வருகிறவர் அவருடைய லேப்டாப்பில் டெமோ காட்டுவார். அது வேண்டாம், உங்களுடையதில் போடச் சொல்லுங்கள். 14-ஆம் தேதிக்கு அப்புறம் வரச் சொன்னால் முந்தின மாதத்து 2பி வந்திருக்கும். அதை வலது பக்கம் திறந்து வைத்துவிட்டு, விண்டோஸ் பட்டனையும் இடது அம்புக்குறியையும் நீங்களே அழுத்துங்கள்.